சனிக்கிழமை ஆட்டம்: கேப் டவுன் பயணக் குறிப்புகள்

முதல் நாள் – ஜூலை 16, செவ்வாய்

கேப் டவுனில் இது நடுக் குளிர்காலம். விமானம் தரை தொட்டபோது மழை ஜன்னலில் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. மேசை மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டுமே தெரிந்தது. அக்கா மகன் வெளியே காத்திருந்தான். அவனுக்கு இங்கே மூன்று ஆண்டுகளாக வேலை. பையை வாங்கிக்கொண்டே, "வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடுங்கள் மாமா, ஊரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றான். "முதலில் நியூலாண்ட்ஸ், பிறகு வீடு" என்றேன். என் குணம் தெரிந்தவன். மறுபேச்சு பேசாமல் வண்டியைத் திருப்பினான்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2007 ஜூலை 18 அன்று நெல்சன் மண்டேலாவின் 89-வது பிறந்த நாளுக்காக நியூலாண்ட்ஸ் மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. ஆப்பிரிக்க நட்சத்திரங்கள் ஒரு பக்கம், உலக நட்சத்திரங்கள் மறுபக்கம். 'மண்டேலாவுக்காக 90 நிமிடங்கள்' என்பது அதன் பெயர். நிறவெறியை எதிர்த்து வாழ்ந்த ஒருவருக்குக் கால்பந்து உலகம் செலுத்திய வணக்கம் அது. முடிவு 3-3. மறுநாள் செய்தித்தாளில் சில வரிகள் வந்தன. அந்தத் துண்டை வெட்டி வைத்தேன். மாவட்டப் போட்டிகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் நடுவராக விசில் ஊதியவன் நான். இப்படிப்பட்ட துண்டுகள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய உண்டு. ஆனால் இந்த ஒன்றை மட்டும் அடிக்கடி எடுத்துப் படித்திருக்கிறேன். கடைசி வரிகள்தான் காரணம்: அதே நாளில், மண்டேலா சிறையிருந்த ராபன் தீவில், சிறைக் கைதிகள் நடத்திய கால்பந்துச் சங்கம் ஒன்றுக்கு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. சிறைக்குள் சங்கமா? அதை ஃபிஃபா உறுப்பினராக்கும் அளவுக்கு அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பணி ஓய்வு கிடைத்ததும் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன்.

நியூலாண்ட்ஸ் பூட்டிக் கிடக்கிறது. ரயில் தடத்துக்கு அருகே, வீடுகளுக்கு நடுவே, உயரமான இருக்கை மாடங்கள் மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன. 1890-இல் திறந்த மைதானம் இது. மறு ஆண்டே இங்கு பிரிட்டனின் ரக்பி அணி வந்து விளையாடியது. 130 ஆண்டுகள் ரக்பி நடந்தது. 2021-இல் அணிகள் எல்லாம் கிரீன் பாயின்ட்டில் உள்ள புதிய ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. இரும்புக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒரு துண்டுப் புல்லும் சில இருக்கைகளும் தெரிந்தன. காவலாளி ஒருவர் குடையோடு வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "கால்பந்தா? இங்கேயா?" என்று ஒரு கணம் யோசித்தவர், "ஆமாம், பெலே வந்தாரே" என்றார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது.

அவர் முதலில் தயங்கியதற்கு அர்த்தம் இருக்கிறது. இந்த நாட்டில் ரக்பி வெள்ளையர் ஆட்டம், கால்பந்து கறுப்பர் ஆட்டம் என்று நீண்ட காலம் பிரிந்து கிடந்தது. நிறவெறி ஆட்சியில் நியூலாண்ட்ஸில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று தனி மூலை உண்டு. அங்கே நின்ற கேப் மக்கள் தங்கள் நாட்டு அணிக்குக் கைதட்டவில்லை. எதிர்த்து விளையாட வந்த வெளிநாட்டு அணிக்கே ஆரவாரம் செய்தார்கள். பிறந்த மண்ணின் அணி தோற்க வேண்டும் என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான் என்றால், அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்தப் புல்லின்மேல்தான் 2007-இல் ஆப்பிரிக்க நட்சத்திரங்கள் ஓடினார்கள். அதனால் எனக்கு அந்த 3-3 சாதாரணக் கணக்காகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது இரவு ஏழு மணி. ரசம் வைத்திருந்தான் பையன்.

இரண்டாம் நாள் – ஜூலை 17, புதன்

மழை விடவில்லை. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் 1994 டிசம்பரில் திறந்தார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பது நகர மையத்தை ஒட்டி, எல்லா நிறத்தவரும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு. 1966 பிப்ரவரி 11 அன்று அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளைப் புல்டோசர் தள்ளியது. மண்ணோடு போயிருக்க வேண்டிய தெருப் பெயர்ப் பலகைகளை இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். இன்று அவை கூடத்தின் நடுவே கூரையிலிருந்து வரிசையாகத் தொங்குகின்றன. தரை முழுக்க அந்தக் குடியிருப்பின் வரைபடம். அங்கு வாழ்ந்தவர்கள் வந்து குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் குடும்பப் பெயரை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களை மிதிக்காமல் நடக்கக் கால் தானாகவே ஒதுங்கியது.

ஒரு மூலையில் உட்கார்ந்து, இந்த நாட்டுக் கால்பந்தின் கதையைப் பையனுக்குச் சொன்னேன். 1957-இல் சூடானின் கார்ட்டூமில் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை நடந்தபோது, தென்னாப்பிரிக்கா முழு வெள்ளை அணியையோ முழுக் கறுப்பு அணியையோதான் அனுப்புவேன், கலந்து அனுப்ப மாட்டேன் என்றது. மற்றவர்கள் ஏற்கவில்லை. எகிப்து, சூடான், எத்தியோப்பியா என்ற மூன்று நாடுகளே கோப்பையை நடத்தி முடித்தன. 1961-இல் ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. 1963-இல் அதை விலக்கிக்கொண்டது. அப்போது இங்கிருந்த வெள்ளையர் சங்கம் முன்வைத்த யோசனை 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளை அணி, 1970-க்குக் கறுப்பு அணி என்பதுதான். முறை வைத்து ஆளுக்கொரு உலகக் கோப்பை! 1964-இல் மீண்டும் இடைநீக்கம், 1976-இல் முழு வெளியேற்றம். திரும்பச் சேர்த்துக்கொண்டது 1992-இல்தான். அந்த ஜூலையில் டர்பனில் கேமரூனை 1-0 என்று வென்றார்கள்.

"அப்படியானால் முப்பது வருடம் இங்கே நல்ல ஆட்டக்காரர்களே வெளியே போகவில்லையா மாமா?" என்று கேட்டான். தப்பிப் போனவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் அணிக்கு ஆடிய ஆல்பர்ட் ஜோஹானெசன் 1965-இல் அந்த நாட்டின் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் வெம்ப்ளியில் இறங்கினார். அந்த இறுதி ஆட்டத்தில் ஆடிய முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் அவர்தான். அதே 1965-இல் ராபன் தீவில் கைதிகள் ஒரு பந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை சனிக்கிழமைக்கு.

மூன்றாம் நாள் – ஜூலை 18, வியாழன்

இன்று மண்டேலாவின் பிறந்த நாள். தீவுக்கு இன்றைக்கென்று பார்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தேன். காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தின் மணிக்கூண்டு அருகே படகுத் துறைக்குப் போனால், வடமேற்குக் காற்று ஆளைத் தள்ளுகிறது. அலை உயரம் என்று படகுகளை நிறுத்திவிட்டார்கள். குளிர்காலத்தில் இது வழக்கமாம். டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார் கவுன்டரில் இருந்த பெண். முதலில் மனம் சுருங்கியது. பிறகுதான் உறைத்தது: தீவில் ஆட்டம் நடந்த கிழமை சனி. போகவேண்டிய நாள் அதுதான் என்று சமாதானம் ஆனேன்.

இந்த நாளில் இங்கே ஒவ்வொருவரும் 67 நிமிடங்கள் பிறருக்காக ஏதாவது செய்கிறார்கள். மண்டேலா பொதுவாழ்வில் இருந்த ஆண்டுகளின் கணக்கு அது. பையனின் அலுவலகத்தில் சூப்புக்கான பருப்பும் காய்ந்த காய்கறியும் பொட்டலம் கட்டினார்கள். நானும் உட்கார்ந்து கட்டினேன். வேறு எதுவும் எழுத இல்லை. மாலை முழுவதும் மழை.

நான்காம் நாள் – ஜூலை 19, வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பெல்வில் பக்கம் மேற்கு கேப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கலப்பினத்தவருக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கித் தொடங்கியது. பின்னாளில் அந்த அரசையே எதிர்த்து நின்ற பல்கலைக்கழகமாகிவிட்டது. ராபன் தீவுக் கைதிகளின் காகிதங்கள் அங்குள்ள மாயிபுயே ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. பையன் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தான். மகானா கால்பந்துச் சங்கத்தின் தாள்களை மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

மகானா என்பது 1819-இல் ஆங்கிலேயர் படையோடு மோதி, அதே தீவில் சிறை வைக்கப்பட்டு, தப்பிக்கும் முயற்சியில் கடலில் மூழ்கிய கோசா இனத்துத் தலைவரின் பெயர். அந்தத் தீவிலிருந்து தப்ப முயன்றவரின் பெயரையே அங்கிருந்த கைதிகள் தங்கள் சங்கத்துக்கு வைத்தார்கள்.

தாளெல்லாம் கையெழுத்து. நேரான வரிகள், அடித்தல் திருத்தல் குறைவு. சங்க விதிகள், ஆட்ட அட்டவணை, புள்ளிப்பட்டியல், நடுவர் அறிக்கை, ஆட்சேபக் கடிதம், அதற்கான பதில், பதிலுக்கு மேல்முறையீடு. ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். ரேஞ்சர்ஸ், பக்ஸ், கன்னர்ஸ், ஹாட்ஸ்பர்ஸ், டைனமோஸ், பிளாக் ஈகிள்ஸ், மனோங், டிட்ஷிட்ஷிடி என்று அணிகள். மனோங் என்றால் பிணந்தின்னிக் கழுகு. டிட்ஷிட்ஷிடி என்றால் மூட்டைப்பூச்சி. சிறையில் தங்களைத் தூங்கவிடாத பூச்சியின் பெயரை அணிக்கு வைத்த அந்த மனத்திண்மையை நினைத்து நினைத்து வியந்தேன். தொடக்கத்தில் அணிகள் கட்சிவாரியாகப் பிரிந்திருந்தன. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ்காரர் ஒரு பக்கம், பான் ஆப்பிரிக்கக் கட்சியினர் ஒரு பக்கம். மனோங் கட்சி பார்க்காமல் ஆள் சேர்த்தது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

சிறை நூலகத்தில் ஃபிஃபாவின் விதிப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை வரி வரியாகப் படித்து, அதன்படியேதான் எல்லாம் நடந்தது. நடுவர்களுக்குத் தனிச் சங்கம் அமைத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். முதலுதவிக்கு ஒரு குழு இருந்தது. சங்கத்தின் தலைவராக இருந்த டிக்காங் மொசெனெகெ பதினைந்து வயதில் தீவுக்கு வந்தவர். பின்னாளில் நாட்டின் துணைத் தலைமை நீதிபதியானார். ரேஞ்சர்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரரான ஜேக்கப் ஜூமா குடியரசுத் தலைவரானார். அவர் அங்கே நடுவராகவும் இருந்திருக்கிறார். இதைப் படித்தபோது என் சட்டைப் பையில் இருந்த விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பழக்கத்தில் எங்கே போனாலும் அது கூடவே வரும்.

அட்லாண்டிக் ரெய்டர்ஸ் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1970-இல் பல அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கோப்பைப் போட்டிக்காக அமைத்த அணி அது. தீவின் நட்சத்திர அணி என்றே சொல்லலாம். ஜெயித்துவிடுவோம் என்று உறுதியாக இருந்தார்கள். எதிரே இருந்த அணி பெயர் பெறாதது. ஒரே ஒரு கோல் விழுந்தது, நட்சத்திரங்களின் வலைக்குள். அது செல்லாத கோல் என்று ரெய்டர்ஸ் ஆட்சேபித்தார்கள். நடுவர் மாற்றவில்லை. ரெய்டர்ஸ் ஆட்கள் அடுத்த ஆட்டம் நடக்க முடியாதபடி மைதானத்தில் படுத்துவிட்டார்கள். உண்ணாவிரதத்திலும் மறியலிலும் தேர்ந்தவர்கள் அல்லவா! பிறகு விசாரணை. கடிதத்துக்குமேல் கடிதம், சாட்சிகள், வாதங்கள், மாதக்கணக்கில் இழுத்தது. ஒரே சிறைக்குள், பல சமயம் ஒரே அறைக்குள், இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்கள் ஒரு கோலுக்காக இப்படி அடித்துக்கொண்டதை வேடிக்கையாக எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. இவர்களை உள்ளே அனுப்பிய நீதிமன்றங்களில் இவர்கள் பக்கத்தை யார் காதுகொடுத்துக் கேட்டார்கள்? தாங்கள் நடத்துகிற இடத்திலாவது எவனும் கேட்கப்படாமல் தண்டிக்கப்படக் கூடாது என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அந்தப் பிடிவாதம்தான் அந்தத் தாள்களில் இருக்கிறது.

நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில்கூட இதுவரை சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்தில் ஒரு ஊரில் திருவிழாவையொட்டிக் கால்பந்துப் போட்டி. காலனிப் பையன்களின் அணி ஜெர்சி போட்டுக்கொண்டு காலையிலேயே வந்து நின்றது. என் கையில் இருந்த பட்டியலில் அவர்கள் அணியின் பெயர்மேல் பேனாக் கோடு. "நேரமாகிறது சார், ஆரம்பியுங்கள்" என்றார் ஏற்பாட்டாளர்களில் ஒருவர். கோடு ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விசில் ஊதினேன். அந்தப் பையன்கள் வீட்டுக்கும் போகவில்லை. நாள் முழுக்கக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தார்கள். பந்து வெளியே போகும்போதெல்லாம் அவர்களில் ஒருவன் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தான். ஒரு முறை என் கையிலேயே கொடுத்தான்.

காப்பகத்தில் ஒரு நடுவர் அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவன் முகம் வந்து நின்றது. பையனிடம் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தாள்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள் மாமா, நேரமாகிவிட்டது" என்றான்.

ஐந்தாம் நாள் – ஜூலை 20, சனி

காற்று அடங்கிவிட்டது. படகு கிளம்பியது. துறைமுகத்தில் கடல்நாய்கள் மரத்தட்டுகளில் படுத்து வெயில் காய்ந்தன. ராபன் என்றால் டச்சு மொழியில் கடல்நாய்கள்தான். அரை மணிக்குமேல் பயணம். திரும்பிப் பார்த்தால் மேசை மலை முழுதாக, வெட்டி வைத்தாற்போல் நின்றது. கைதிகளுக்கும் இந்த மலை தினமும் தெரிந்திருக்கும். கிட்டத்தில், ஆனால் எட்டாத தூரத்தில்.

முதலில் பேருந்தில் சுற்றிக் காட்டுகிறார்கள். பான் ஆப்பிரிக்கக் கட்சியின் தலைவர் ராபர்ட் சொபுக்வே ஆறு ஆண்டுகள் தனியாக வைக்கப்பட்ட வீடு, தொழுநோயாளிகளின் கல்லறை, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் குவாரி. குவாரியின் வாயிலில் ஒரு கற்குவியல். 1995-இல் பழைய கைதிகள் ஒன்றுகூடியபோது மண்டேலா ஒரு கல்லை வைத்தார், மற்றவர்கள் ஆளுக்கொன்றாக வைத்தார்கள். எவரும் அடுக்கி நேராக்கவில்லை.

சிறைக்குள் வழிகாட்டியாக வந்தவர் இங்கேயே கைதியாக இருந்தவர். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். எண்பதுகளில் வந்தவர். பொதுக் கைதிகளின் கூடத்தில் உணவுப் பட்டியலைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் ஒரு பட்டியல், ஆப்பிரிக்கருக்கு ஒரு பட்டியல். முதல் பட்டியலில் ஜாம் உண்டு, இரண்டாவதில் இல்லை. சர்க்கரையில் வித்தியாசம், கொழுப்பில் வித்தியாசம். அந்த நாளில் உடையிலும் உண்டு: இந்தியக் கைதிக்கு முழுக் கால்சட்டை, ஆப்பிரிக்கக் கைதிக்கு அரைக் கால்சட்டை. ஒரே குற்றத்துக்காக ஒரே சிறைக்குள் வந்தவர்களுக்கு! நம்மவர் ஒருவர் இந்தப் பட்டியலின்படி இங்கே பத்து ஆண்டுகள் சாப்பிட்டிருக்கிறார். 885/63 என்ற எண் கொண்ட கைதி இந்திரஸ் நாயுடு. காந்தியோடு டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகம் செய்து திரும்பத் திரும்பச் சிறை சென்ற தமிழர் தம்பி நாயுடுவின் பேரன். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் அரை நூற்றாண்டு, சிறை மட்டும் மாறவில்லை.

இனி பந்தின் கதை. 1960-களின் நடுவில் கைதிகள் முதலில் அறைக்குள்ளேயே ஆடினார்கள். காகிதம், அட்டை, கந்தல் துணி எல்லாம் சேர்த்துக் கட்டிய பந்து. அது பிடிபட்டது. பிறகு வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை குறைகள் சொல்லலாம் என்பது சிறை விதி. ஒவ்வொரு வாரமும் ஒருவர் எழுந்து, "கால்பந்து ஆட அனுமதி வேண்டும்" என்பார். மறுப்பு வரும், கேட்டவருக்கு உணவு வெட்டப்படும். அடுத்த வாரம் வேறொருவர் எழுந்து அதே வாக்கியத்தைச் சொல்வார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் இப்படி. வெளியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் போன்றோரின் அழுத்தமும் சேர்ந்து, 1967 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. சனிக்கிழமைகளில் மட்டும். மேடுபள்ளமான நிலத்தை அவர்களே சமப்படுத்தினார்கள். கரையொதுங்கிய பலகைகளால் கோல்கம்பம் செய்து, மீன்வலையைக் கட்டினார்கள். வாரம் முழுக்கக் கல்லுடைத்த கைகள் இந்த வேலையையும் செய்தன.

சிறையின் தனிமைப் பிரிவான பி பிரிவுக்குப் போனோம். மண்டேலாவின் அறை. மூன்று எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். தரையில் பாய், ஒரு வாளி, சிறிய மேசை. கூட்டம் வரிசையில் நகர்ந்தது. வெளி முற்றத்தில் வழிகாட்டி ஒன்று சொன்னார். எனக்கு அது முன்பே படித்துத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் நின்று கேட்டபோது நெஞ்சில் அடித்தது. தனிமைப் பிரிவில் இருந்த மண்டேலா, சிசுலு, கத்ராடா போன்றவர்களுக்கு ஆட அனுமதி இல்லை. சனிக்கிழமைகளில் அவர்கள் இங்கிருந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். குறுக்கே ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள்.

2007-இல் யாருடைய பெயரால் உலகத்தின் நட்சத்திரங்கள் 90 நிமிடம் ஆடினார்களோ, அவர் தன் தோழர்களின் ஆட்டத்தை எட்டிப் பார்க்கக்கூட விடப்படவில்லை. எத்தனை செங்கல், எத்தனை மூட்டைச் சுண்ணாம்பு, எத்தனை நாள் வேலை! ஒரு மனிதன் சனிக்கிழமை மதியம் பந்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைத் தடுக்க ஓர் அரசு இவ்வளவு செலவு செய்திருக்கிறது.

ஆட்டத்தின் காலையில் பெலேவும் கேமரூன் ஆட்டக்காரர் சாமுவேல் எட்டோவும் மற்றவர்களும் இந்தத் தீவுக்கு வந்து, 89 ஆண்டுகளுக்கு 89 பந்துகளைக் கோலுக்குள் அடித்தார்கள். மகானா சங்கத்தின் பழைய ஆட்டக்காரர்களும் கூட இருந்தார்கள். நிறவெறிக்கு எதிராக நடக்கும் காட்சி ஆட்டங்கள் பலவற்றைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். பதாகை விரிப்பார்கள், கைகோப்பார்கள், சட்டையில் வாசகம் இருக்கும். பெரும்பாலும் மறுவாரமே மறந்துபோகும். இந்த ஒன்றை ஏன் பதினேழு ஆண்டாகப் பெட்டியில் வைத்திருந்தேன் என்று இங்கே வந்துதான் புரிந்தது. அன்று நட்சத்திரங்கள் யாருக்கும் கௌரவம் கொடுக்க வரவில்லை, வாங்கிப் போகவே வந்தார்கள்.

சுற்று முடிந்து மற்றவர்கள் படகை நோக்கி நடந்தார்கள். நான் வழிகாட்டியின் அருகே போய், இங்கே நீங்கள் ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இடது பின்வரிசை" என்றார். "சுமாராகத்தான் ஆடுவேன். ஆனால் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டதில்லை. நீங்கள்?"

"நடுவர்."

அவர் நின்றுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியானால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் வந்தபோதும் மூத்தவர்கள் இதைப் பேசி ஓயவில்லை. ரெய்டர்ஸ் மேல் விழுந்த அந்தக் கோல், செல்லுமா, செல்லாதா?"

"நான் பார்க்கவில்லையே ஐயா. பார்க்காததற்கு எப்படித் தீர்ப்புச் சொல்வேன்?"

"பார்த்தவர்களே ஒத்துக்கொள்ளவில்லை!" என்று சிரித்தார். பிறகு குனிந்து ஒரு குச்சியை எடுத்தார். ஈர மணலில் கோல்கம்பத்தை வரைந்து, மூத்தவர்கள் தனக்குச் சொன்னபடி ஆட்களைப் புள்ளி புள்ளியாக வைத்தார். நானும் எதிரே குந்தினேன். இவர் இங்கே நின்றிருந்தால் அந்த இடத்தில் இருந்த நடுவருக்கு இது தெரிந்திருக்காதே என்றேன். இல்லை, அவர் இன்னும் இரண்டடி இந்தப் பக்கம் என்று புள்ளியை அழித்து மறுபடி வைத்தார். வேலிக்கு அப்பால் பழைய மைதானத்தில் புல் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. படகு ஒருமுறை ஊதியது.

"மாமா!" என்று துறையிலிருந்து கத்தினான் பையன்.

"ஒரு நிமிடம்" என்று கையைக் காட்டிவிட்டு, கோல்காப்பாளர் எங்கே நின்றார் என்று கேட்டேன்.